பத்து பாப், தகரத் தொட்டி, பால் புட்டி: 1950களின் இங்கிலாந்தில் வளர்ந்தவர்களைப் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

வட இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். 2022க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கேர் விசாவில் நிறையப் பேர் வந்தார்கள். ஆளைத் தூக்குவது, திருப்பிப் படுக்கவைப்பது, மருந்து கொடுத்ததைக் குறித்துவைப்பது எல்லாம் அவர்களுக்குப் பயிற்சியில் வந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் 85 வயதுப் பாட்டி எந்த உலகத்தில் வளர்ந்தார் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மறதி நோய் வந்தவருக்குக் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் நிற்காது. பத்து வயதில் குடியிருந்த தெரு அப்படியே இருக்கும். நாம்தான் அந்தத் தெருவுக்குப் போய் அவரோடு பேச வேண்டியிருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைகள் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதிவைக்கிறேன்.

ஒரு பாட்டி "ஸ்பெண்ட் எ பென்னி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பர்ஸை எடுத்துக் கொடுத்தால் கோபப்படுகிறார். ஏன்?

அவர் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறார். அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவிலேயே காசுப் பூட்டு இருக்கும். ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும். அதனால் வந்த பேச்சு. வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் பர்ஸைத் தேடும் இரண்டு நிமிடத்தில் துணி நனைந்துவிடும், அப்புறம் அன்று முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

"டவுன் த யார்ட்" என்றாலும் அதேதான். கழிப்பறை வீட்டுக்குள் இருக்காது, கொல்லையில் இருக்கும். செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி நூலில் கோத்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். பனிக்காலத்தில் ராத்திரி அங்கே யார் போவது? கட்டிலுக்கு அடியில் ஒரு பீங்கான் சட்டி இருக்கும். அதற்கு "கஸண்டர்" என்று பேர். நடுராத்திரி ஒருவர் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால் எதைத் தேடுகிறார் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

பாப், டேனர், ஹாஃப் க்ரௌன் என்கிறார்களே, அதெல்லாம் என்ன காசு?

நம் பாட்டிமார் காலணா, அரையணா என்று கணக்குச் சொன்ன மாதிரிதான். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பாப் என்றால் ஷில்லிங். டேனர் 6 பென்னி. ஹாஃப் க்ரௌன் என்பது 2 ஷில்லிங் 6 பென்னி. "டென் பாப்" அரை பவுண்டு நோட்டு. பிறந்த நாளைக்கு மாமா கொடுத்தால் அது பெரும் பணம். கால் பென்னிக்குக்கூட ஃபார்திங் என்று ஒரு குட்டிக் காசு உண்டு. அதில் ஒரு சின்னக் குருவியின் படம் இருக்கும். 1960 கடைசியோடு அது செல்லாமல் போனது. நாம் 1957ல் அணாவை விட்டோம். இவர்கள் 1971 பிப்ரவரி 15 அன்றுதான் நூறு பென்னிக்கு மாறினார்கள்.

சின்ன வயதில் துணிக்கடையில் நின்ற ஒரு அம்மா எங்கள் இல்லத்தில் இருந்தார். மகன் பெயர் வராது. நான் ஒரு நாள் "ஒரு ஷில்லிங் பதினொன்றே முக்கால் பென்னி, அந்த விலையில் இரண்டு கெஜம்" என்றேன். கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் பதில் வந்தது: "மூன்று ஷில்லிங் பதினொன்றரை பென்னி." உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்தேன். சரிதான். அதன்பின் தினமும் ஒரு கணக்கோடுதான் அவர் அறைக்குப் போவேன். அவரும் எனக்காகக் காத்திருப்பார்.

மத்தியானம் "டின்னர்" கேட்கிறார், சாயங்காலம் "டீ" கேட்கிறார். டீ கொண்டுபோய் வைத்தால் சாப்பாடு எங்கே என்கிறார்.

வட இங்கிலாந்தில் டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு, டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. குடிக்கும் டீ வேண்டுமானால் "எ ப்ரூ" என்பார்கள்.

குளிக்கக் கூப்பிட்டாலே அலறுகிறார். என்ன செய்வது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானும் தப்பு செய்திருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் 80 வயதில் ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். அதிர்ந்து பேசாத மனுஷி. ஷவரைத் திறந்தால் மட்டும் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்துவார். இரண்டு பேர் சேர்ந்து பிடித்துக் குளிப்பாட்டினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தானாகவே பேச ஆரம்பித்தார். அவர் வீட்டில் குளியலறை கிடையாது. இது ஏதோ பரம ஏழை வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 1951 கணக்கெடுப்பில் பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் குளியல் தொட்டி வசதி இல்லை. கொல்லைச் சுவரில் ஆணியடித்துத் தகரத் தொட்டியை மாட்டியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அதை உள்ளே கொண்டுவந்து கணப்பு அடுப்புக்கு முன்னால் போடுவார்கள். "காப்பர்" என்கிற கொப்பரையில் தண்ணீரைக் காய வைத்து வாளியால் மொண்டு ஊற்றுவார்கள். எல்லோருக்கும் அதே தண்ணீர்தான், ஒருவர் ஏறினால் அடுத்தவர் இறங்க வேண்டும். இவர் கடைக்குட்டி. இவர் முறை வரும்போது தண்ணீர் ஆறி, மேலே சோப்பு ஏடு படிந்திருக்கும். ஆனால் அவர் மனதில் தங்கியது அது இல்லை. அடுப்புக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பில் அம்மா துண்டைப் போட்டுச் சூடாக்கி வைத்திருப்பாராம். தொட்டியிலிருந்து தூக்கியதும் தலையோடு சேர்த்து அந்தத் துண்டால் போர்த்துவாராம். இதைச் சொல்லும்போது இரண்டு கையாலும் தன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அவரைத் தினமும் காலையில், வெள்ளை ஓடு பதித்த குளிர்ந்த அறையில், உடுப்பில்லாமல் மழையில் நிறுத்திக்கொண்டிருந்தோம். குளியலை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினேன். மற்ற நாளில் உட்கார வைத்தே துடைத்துவிட்டோம். ஷவரை விட்டுவிட்டு ஜக்கால் ஊற்றினோம். துண்டு அரை மணி நேரம் முன்பே ரேடியேட்டர் மேல் போய்விடும். முதல் வாரம் முனகினார். மூன்றாவது வாரம் அவரே கையை நீட்டித் துண்டைக் கேட்டார். எல்லா வெள்ளியும் நன்றாகப் போனது என்று சொல்லமாட்டேன். அலறல் மட்டும் நின்றது.

சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட், காய்ந்த ரொட்டி எல்லாவற்றையும் கைப்பையில் ஒளித்துவைக்கிறார். எடுத்துவிடலாமா?

அவர் கண்ணெதிரே எடுக்காதீர்கள். இங்கே ரேஷன் 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலை 4 அன்றுதான் முடிந்தது. 14 வருடம். போரில் ஜெயித்து ஒன்பது வருடம் கழித்தும் கறிக்கு ரேஷன். போர் நடக்கும்போதுகூட ரேஷன் இல்லாத ரொட்டிக்குப் போர் முடிந்த பிறகு, 1946லிருந்து 1948 வரை ரேஷன் இருந்தது. 1940ல் பிறந்த குழந்தைக்குத் தாராளமாகச் சாப்பிடுவது என்றால் என்னவென்றே 14 வயது வரை தெரியாது. நம் ஊர் ரேஷன் கடையில் மலிவாகக் கிடைக்கும், வேண்டுமென்றால் வெளியே வாங்கிக்கொள்ளலாம். இங்கே ரேஷன் என்றால் அதற்கு மேல் யாருக்கும் கிடையாது என்பதுதான் சட்டம்.

மிட்டாய் கதையைக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கு ரேஷனை நீக்கினார்கள். ஊரே கடையில் விழுந்து அள்ளியதில் சரக்கு தீர்ந்து, ஆகஸ்டில் மறுபடியும் ரேஷன் வந்தது. கடைசியாக நீங்கியது 1953 பிப்ரவரி 5. அன்றைக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள். ஒரு தாத்தா பதிலே சொல்லாமல் வாயை ஒரு பக்கம் உப்பவைத்துக் காட்டினார்.

கைப்பையில் இருப்பது கெட்டுப்போனால் ராத்திரி அவர் தூங்கியதும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதுப் பொட்டலம் இரண்டு வையுங்கள். காலையில் பையைத் திறந்து பார்ப்பார். காலியாக இருக்கக் கூடாது.

சத்தமே வராமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுகிறார். பக்கவாதமா?

சந்தேகம் இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், அதில் யோசனையே வேண்டாம். ஆனால் வருடக்கணக்காக அப்படித்தான் பேசுகிறார் என்றால், அவர் எங்கே வேலை பார்த்தார் என்று கேளுங்கள். நெசவு மில் என்பார்.

லங்காஷயர் தறிக் கொட்டகையில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் மில் பெண்கள் உதட்டை அகலமாக அசைத்து, கையையும் சேர்த்து ஒரு பேச்சே உண்டாக்கி வைத்திருந்தார்கள். அதற்கு "மீ-மா" என்று பேர். பள்ளிக்கூடம் 15 வயதோடு முடிந்துவிடும், அடுத்த திங்கட்கிழமையே மில். வெளிறிய முகத்தோடு நாம் பார்க்கிற இந்தப் பாட்டிகள் ஆளுக்கு நான்கு, ஆறு தறியைப் பார்த்தவர்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டையின் ஓட்டையில் நூலை வாயால் உறிஞ்சி இழுத்துப் பல் போனவர்களும் உண்டு.

என் அம்மா கோவையில் ஒரு பஞ்சாலையில் கோன் வைண்டிங்கில், அதாவது நூல் சுற்றும் பிரிவில், இருந்தவர். மில் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றும். அம்மாவுக்கு வீட்டில்கூட மெதுவாகப் பேச வராது, எங்களையும் உரக்கப் பேசச் சொல்வார், காது அப்படி. இதை ஒரு முன்னாள் நெசவுக்காரப் பாட்டியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், நான் மில்லில் வேலை செய்தவளா என்று. பிறகு கேட்டார்: "உங்கம்மாவுக்கும் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்குமா?" ஆமாம் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 1950களின் கடைசியில் இந்தியா, பாகிஸ்தான், ஹாங்காங்கிலிருந்து மலிவான துணி இறங்கியது. மில்கள் வரிசையாக மூடின. 1959ல் அரசாங்கமே சட்டம் போட்டு, பழைய தறிகளை உடைத்துப்போட முதலாளிகளுக்குப் பணம் கொடுத்தது. "உங்கள் ஊர்த் துணிதான் எங்கள் மில்லை மூடியது" என்று ஒருவர் சொன்னால் அது வெறுப்புப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் 20 வயதில் வேலையை இழந்ததைச் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

சிரிப்பவர்களுக்குப் பால் புட்டி நினைவுக்கு வந்திருக்கும். 1946லிருந்து பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தினமும் மூன்றில் ஒரு பங்கு பைன்ட், ஏறத்தாழ 190 மில்லி, பால் இலவசம். பனிக்காலத்தில் பால் உறைந்து மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கணப்புக்குப் பக்கத்தில் கூடையை வைத்தால் வெதுவெதுப்பாகிக் குமட்டும். மை ஊற்றும் வேலைக்கு ஒரு பிள்ளையை நியமிப்பார்கள், அந்தப் பெருமையை 80 வயதிலும் சொல்வார்கள்.

எழுந்து போகிறவர்களை விட்டுவிடுங்கள். பிரம்படி உண்டு, இடதுகைக்காரப் பிள்ளைகளை வலது கையால் எழுத வைத்து அடித்ததும் உண்டு. "லெவன் ப்ளஸ்" என்று பத்து, பதினொரு வயதில் ஒரே ஒரு பரீட்சை. தேறினால் மேற்படிப்புக்குத் தயாராக்கும் கிராமர் பள்ளி. தேறாத பெரும்பாலோருக்கு செகண்டரி மாடர்ன், 15 வயதில் வேலை. ஒரே வீட்டில் அக்கா தேறி, தங்கை தேறாமல் போனால் வாழ்நாள் முழுக்க அது நடுவில் நிற்கும். "நான் மக்கு" என்று ஒரு பாட்டி ஓயாமல் சொன்னால், அந்தத் தீர்ப்பு 1951ல் வந்ததாக இருக்கலாம். இந்தப் பேச்சை நாமாக எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஜன்னலைத் திறந்தால் "புகை வரும், மூடு" என்கிறார்.

வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்த காலம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் புகைப்பனி இறங்கி ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1956ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. மில் ஊர்களிலும் காயப்போட்ட துணியில் கரி படியும். ஜன்னலை மூடிவிட்டு, கொஞ்சம் கழித்துத் திறந்துகொள்ளுங்கள்.

ராணி முடிசூட்டு விழாவைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே?

நிஜமாகவே ஒரே மாதிரிதான் நடந்தது. 1953 ஜூன் 2, கொட்டும் மழை. தெருவில் ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும், திரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒருவருக்கொருவர் திரையை மறைத்துவிடாமல் தெருவே அந்த அறையில் அடைந்து உட்கார்ந்தது. நாடு முழுக்க 2 கோடிப் பேர் பார்த்தார்கள். பலருக்குத் தொலைக்காட்சியைப் பார்த்ததே அன்றுதான். டோங்கா நாட்டு ராணி சலோட்டே மழையில் நனைந்துகொண்டே திறந்த வண்டியில் கையசைத்துப் போனதைச் சொல்லிப் பாருங்கள், அறையில் ஒருவராவது நிமிர்வார். எவரெஸ்டில் ஏறிவிட்டார்கள் என்ற செய்தி லண்டன் பத்திரிகையில் வந்ததும் அன்று காலையில்தான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த முடிசூட்டுக் கோப்பை சில அறைகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கழுவ எடுத்துப் போகாதீர்கள், அங்கேயே துடையுங்கள்.

"வேக்ஸ் வீக்" என்றால்?

வருடத்தில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஊரிலுள்ள மில்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் மூடும். ஊர் ஊராக வேறு வேறு வாரம். புகைபோக்கிகள் ஓய்ந்து, எதிரே இருக்கும் மலை கண்ணுக்குத் தெரியும். ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். அங்கேயும் பக்கத்து வீட்டுக்காரர்தான் பக்கத்து அறையில் இருப்பார். முதலில் பிளாக்பூல் கோபுரத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு டேனர் பரிசு என்று ஒரு தாத்தா சொன்னார். கழுதைச் சவாரி, ஈர மணல், கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிய அப்பா. வருடம் முழுக்க முகத்தையே காட்டாத அப்பா சிரித்தது அந்த வாரத்தில் மட்டும்தான் என்று பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆண்கள் வாயே திறப்பதில்லை. எதைப் பேசுவது?

கால்பந்து. 1953 மே 2 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்டனை பிளாக்பூல் 4–3 என்று வென்றது. அன்று பிளாக்பூலுக்கு ஆடிய ஸ்டான்லி மேத்யூஸ் பெயரைச் சொன்னால் போதும். 1960ல் பர்ன்லி என்ற சின்ன மில் ஊர் நாட்டின் முதல் அணியானது. அதே நேரம், பிப்ரவரி முதல் வாரத்தில் நிதானமாக இருங்கள். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணி வந்த விமானம் விழுந்து 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். 14 வயதுப் பையனாக அந்தச் செய்தியைக் கேட்டவர் இன்றும் அந்தத் தேதியில் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கதை பேசும்போது நிறத்தைப் பற்றி அசிங்கமான சொல் வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. வாடகை அறை ஜன்னலில் "கறுப்பர்களுக்கு இல்லை" என்று அட்டை தொங்கிய காலத்தில் அவர்கள் வளர்ந்தார்கள். வாடகை வீட்டில் அப்படி மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்ததே 1968ல். அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும், ஆனால் வலி வலிதான். அறையை விட்டு வெளியே வாருங்கள், இன்னொருவரை அனுப்புங்கள், எழுதிக் கொடுங்கள். எனக்கு இது நடந்தபோது ஒரு மேலாளர் "அவருக்கு நோய், விடு" என்றார். அது எனக்குப் போதவில்லை. உங்களுக்கும் போதாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1948ல் விண்ட்ரஷ் கப்பல் வந்ததிலிருந்து கரீபியத் தீவுகளிலிருந்து இங்கே வந்து பஸ் ஓட்டியவர்களும் நர்ஸாக இருந்தவர்களும் இன்று அதே இல்லங்களில் படுத்திருக்கிறார்கள். அவர்களிடம் பிளாக்பூலையும் பால் புட்டியையும் பேசிப் பயனில்லை. ஜமைக்காவில் படித்த பள்ளியைக் கேளுங்கள்.

சாயங்காலம் நாலு மணியானால் "அம்மா தேடுவாள், வீட்டுக்குப் போகணும்" என்று கோட்டைப் போட்டுக்கொள்கிறார். அம்மா இறந்துவிட்டார் என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். அவருக்கு அது புதுச் செய்தி, புதுச் சாவு. நாளைக்கு மறுபடியும் அதே துக்கம். நாலு மணி என்பது பள்ளிக்கூடம் விடும் நேரம். "அம்மா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்?" என்று கேளுங்கள். திங்கட்கிழமை என்றால் துணி துவைத்துப் பிழிந்திருப்பார். வெள்ளி என்றால் வாசல்படியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். கந்தல் வாங்க வருகிறவர் பழைய துணிக்குப் பதிலாக "டாங்கி ஸ்டோன்" என்று ஒரு கல் கொடுப்பார். படியைக் கழுவி, விளிம்பில் அந்தக் கல்லால் கோடு போல இழுப்பார்கள். நம் வாசலில் கோலம் போடுவது போல அதுவும் ஒரு வீட்டின் மானம். இப்படிக் கிளம்பிய ஒரு பாட்டியிடம் என் போனில் இருக்கும் எங்கள் வீட்டு வாசல் கோலத்தைக் காட்டினேன். கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே பத்து நிமிடம் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

பேச்சைத் தொடங்க ஏதாவது சாமான் வைத்துக்கொள்ளலாமா?

ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும். என்னுடையதில் இருப்பவை: சந்தையில் வாங்கிய டேனர் இரண்டு, ஹாஃப் க்ரௌன் ஒன்று, மரத்தாலான துணிக் கிளிப், ஒரு கைப்பிடிப் பொத்தான், மில் நாடா ஒன்று, கார்பாலிக் வாசனையுள்ள சிவப்பு சோப்பு. அந்த வாசனைக்கு நம் பக்கத்து ஆட்களுக்கு லைஃப்பாய் நினைவு வரும், இவர்களுக்கும் அதே லைஃப்பாய்தான். சோப்பை மூடியுள்ள டப்பாவில் வைத்து மோந்து பார்க்க மட்டும் கொடுங்கள். காசையும் பொத்தானையும் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். மிட்டாய் என்று நினைத்து வாயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணித் திரும்ப வாங்கி வைத்த பிறகு எழுந்திருங்கள்.